ரீட்-ஒன்லி போல்டருக்கு பார்மட் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் ஒன்று, "என் போல்டர் ரீட்-ஒன்லி நிலையில் மாட்டிக் கொண்டது, எப்படி எடுப்பது?" என்பது. ஏதோ ஒரு பைலைத் திருத்தி சேவ் செய்திட முயற்சி செய்திருப்பார்கள். முடிந்திருக்காது. உடனே போல்டர் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பார்ப்பார்கள். அங்கே ரீட்-ஒன்லி என்ற வரிக்கு முன்னால் உள்ள கட்டம் நிரம்பி இருக்கும். "காரணம் கிடைத்துவிட்டது" என்று அதனை நீக்கி, அப்ளை, ஓகே கிளிக் செய்து வெளியேறுவார்கள். மறுபடியும் திறந்து பார்த்தால், அந்தக் கட்டம் பழையபடி நிரம்பி இருக்கும். பத்து முறை நீக்கினாலும் பத்து முறையும் வந்து உட்காரும்.

இந்த இடத்தில் தான் பயம் தொடங்குகிறது. வைரஸ் வந்துவிட்டதோ, ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம். கடைசியில் சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றால், "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, பார்மட் செய்துவிடலாம்" என்ற பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்தக் கட்டம் ஒரு பழுதே அல்ல. அது உங்கள் போல்டரில் எதையும் தடுக்கவில்லை. சேவ் செய்வதைத் தடுப்பது வேறு ஏதோ ஒன்று. அது எது என்று பார்க்காமல் பார்மட் செய்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது.

அந்தக் கட்டம் சொல்வது என்ன?

நம்பிக்கை இல்லை என்றால் இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள் புதிதாக ஒரு போல்டரை உருவாக்கவும். அதன் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். இப்போது தான் பிறந்த அந்தப் போல்டரிலும் ரீட்-ஒன்லி கட்டம் நிரம்பி இருப்பதைக் காணலாம். இனி அந்தப் போல்டரைத் திறந்து, உள்ளே ஒரு டெக்ஸ்ட் பைலை உருவாக்கி, நான்கு வரி டைப் செய்து சேவ் செய்திடுங்கள். எந்தத் தடையும் இன்றி சேவ் ஆகும்.

கூர்ந்து கவனித்தால், அங்கே இருப்பது டிக் அடையாளம் அல்ல என்பது தெரியும். கட்டம் முழுவதும் வண்ணம் நிரப்பப்பட்டிருக்கும். டிக் இருந்தால் "ஆம்" என்று பொருள். காலியாக இருந்தால் "இல்லை" என்று பொருள். நிரம்பி இருந்தால், "இந்தப் போல்டரில் உள்ள பைல்களின் நிலையை நான் பார்க்கவில்லை, எதையும் மாற்றவும் இல்லை" என்று விண்டோஸ் சொல்வதாகப் பொருள். ஒவ்வொரு முறை நாம் ப்ராப்பர்ட்டீஸ் திறக்கும்போதும், உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான பைல்களை விண்டோஸ் சோதித்துப் பார்ப்பதில்லை. எனவே எப்போதும் இந்த நிரம்பிய கட்டத்தையே காட்டுகிறது.

அப்படியானால் அந்தக் கட்டத்தை நீக்கினால் ஒன்றுமே நடக்காதா? நடக்கும். கட்டத்தைக் காலியாக்கி அப்ளை கொடுத்து, துணைப் போல்டர்களுக்கும் பைல்களுக்கும் சேர்த்து என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், உள்ளே உள்ள பைல்களின் ரீட்-ஒன்லி அடையாளம் நீக்கப்படும். வேலை முடிந்துவிட்டது. அடுத்த முறை திறக்கும்போது கட்டம் மீண்டும் நிரம்பி இருப்பதால், "வேலை செய்யவில்லை" என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

குழப்பம் எங்கிருந்து வந்தது?

டாஸ் காலத்திலேயே ஒவ்வொரு பைலுக்கும் சில அடையாளங்கள் தரப்பட்டன. மறைத்து வைக்கப்பட்ட பைல், சிஸ்டம் பைல், ரீட்-ஒன்லி பைல் என்பன அவை. பைலைப் பொறுத்தவரை ரீட்-ஒன்லி என்றால் பொருள் தெளிவானது. படிக்கலாம், மாற்றி எழுத முடியாது.

போல்டருக்கும் இதே அடையாளத்தை வைக்க இடம் இருந்தது. ஆனால், விண்டோஸ் அதனை வேறு வேலைக்கு எடுத்துக் கொண்டது. ஒரு போல்டருக்குத் தனி ஐகான் அல்லது தனித் தோற்றம் தர வேண்டும் என்றால், அந்த விவரம் டெஸ்க்டாப்.ஐ.என்.ஐ. என்ற மறைந்த பைலில் இருக்கும். இந்தப் பைல் இருக்கிறதா என்று ஒவ்வொரு போல்டரிலும் தேடினால் நேரம் வீணாகும். எனவே சிறப்புப் போல்டர்களுக்கு மட்டும் ரீட்-ஒன்லி அல்லது சிஸ்டம் அடையாளம் தரப்பட்டது. அந்த அடையாளம் இருந்தால் மட்டும் விண்டோஸ் உள்ளே சென்று தேடும். ஆக, போல்டரில் ரீட்-ஒன்லி என்பது, "நான் கொஞ்சம் விசேஷமானவன்" என்று சொல்லும் ஒரு குறிதான். உள்ளே புதிய பைல் எழுதுவதை அது தடுக்காது.

மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில், நேரத்தை மிச்சப்படுத்த எடுத்த இந்த முடிவை என்னால் புரிந்து கொள்ள முடிகிறது. ஆனால், இதனைத் திரையில் ரீட்-ஒன்லி என்ற பெயரிலேயே பயனாளருக்குக் காட்டியதை ஏற்றுக் கொள்ள முடியவில்லை. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தக் கட்டத்திற்கு அருகில் வெறும் ரீட்-ஒன்லி என்று மட்டுமே இருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில், "போல்டரில் உள்ள பைல்களுக்கு மட்டும் பொருந்தும்" என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 11லும் அது இருக்கிறது. ஆனால் நிரம்பிய கட்டத்திற்கு என்ன பொருள் என்று அந்த இடத்தில் ஒரு வரி கூட இல்லை. பார்ப்பவர் எல்லாரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்து கொள்கிறார்கள் என்றால், குறை பார்ப்பவரிடம் இல்லை, எழுதி வைத்த வாசகத்தில் தான் இருக்கிறது.

உண்மையான தடை எது?

சரி, கட்டம் காரணம் இல்லை. ஆனால் பைல் சேவ் ஆகவில்லையே? அதற்கான காரணங்கள் சில தான். வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், பிரச்னை தரும் போல்டருக்குள் ரைட் கிளிக் செய்து, புதிய டெக்ஸ்ட் பைல் ஒன்றை உருவாக்க முயற்சி செய்யவும். உருவாகிவிட்டால் போல்டரில் தவறில்லை. நீங்கள் திருத்த முயன்ற அந்த ஒரு பைலில் தான் ரீட்-ஒன்லி இருக்கலாம். பைல் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் சென்று டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். விண்டோஸ் 98 காலத்தில் சிடியில் இருந்து காப்பி செய்த பைல்கள் எல்லாம் இப்படி ரீட்-ஒன்லியாகவே வந்து இறங்கும். அந்த நாளில் சேமித்த பழைய பைல்களில் இந்த அடையாளம் இன்னும் ஒட்டிக் கொண்டிருக்க வாய்ப்புண்டு. மெயிலில் வந்த வேர்ட் பைல் என்றால், மேலே மஞ்சள் பட்டையில் எடிட்டிங் அனுமதி கேட்கிறதா என்று பார்க்கவும். அதுவும் தடை அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் மட்டும் அனுமதி தரவும்.

இரண்டாவது, எந்த இடத்தில் சேவ் செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். சி டிரைவில் எந்தப் போல்டருக்குள்ளும் போகாமல் நேரடியாகவோ, புரோகிராம் பைல்ஸ் போல்டரிலோ, விண்டோஸ் போல்டரிலோ சேவ் செய்தால் அனுமதி மறுக்கப்படும். இது சரியான நடவடிக்கை. சிஸ்டம் பைல்கள் இருக்கும் இடத்தில் சாதாரண புரோகிராம்கள் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தத் தடை. உங்கள் பைல்களை டாகுமெண்ட்ஸ் போல்டரிலோ, டி டிரைவ் இருந்தால் அதிலோ வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பென் டிரைவும் மெமரி கார்டும். கேமராவில் பயன்படுத்தும் எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தள்ளு பொத்தான் இருக்கும். அது லாக் பக்கம் நகர்ந்துவிட்டால் கார்டு முழுவதும் ரீட்-ஒன்லி ஆகிவிடும். நகத்தால் தள்ளினால் சரியாகிவிடும். பென் டிரைவ் திடீரென்று எழுத மறுத்தால் விஷயம் வேறு. உள்ளே இருக்கும் மெமரி சிப் பழுதாகத் தொடங்கும்போது, சில பென் டிரைவ்கள் எழுதுவதை நிறுத்திக் கொண்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும். "என்னிடம் இருப்பதை உடனே எடுத்துக் கொள்" என்று அது தரும் கடைசி வாய்ப்பாக இதனை எடுத்துக் கொள்ளுங்கள். பைல்களை முதலில் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு, பிறகு வேறு சோதனைகளைச் செய்யலாம். அந்த பென் டிரைவை மறுபடி நம்ப வேண்டாம்.

நான்காவது, பழைய ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. பழைய கம்ப்யூட்டரை ஓரம் கட்டிவிட்டு, அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் புதிய கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிரச்னை வரலாம். 1993ல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எப்.எஸ். என்ற பைல் முறையில், ஒவ்வொரு பைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அந்த உரிமையாளரை விண்டோஸ் பெயரால் அறிவதில்லை. ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. பழைய கம்ப்யூட்டரில் குமார் என்ற பெயரில் இருந்தீர்கள், புதியதிலும் குமார் தான் என்றாலும், விண்டோஸ் கணக்கில் இவர் வேறு, அவர் வேறு. அதனால் தான் உங்கள் சொந்தப் படங்களையே திறக்கவிடாமல் தடுக்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள அக்கவுண்ட்டில் நுழைந்து, அந்தப் போல்டரில் டபுள் கிளிக் செய்யவும். அனுமதி இல்லை என்ற செய்தியுடன் கன்டினியூ என்ற பட்டன் கிடைக்கும். அதனை அழுத்தினால், சிறிது நேரத்தில் அனுமதி தரப்படும். அப்படியும் முடியவில்லை என்றால், போல்டரின் ப்ராப்பர்ட்டீஸ் சென்று, செக்யூரிட்டி டேப், அடுத்து அட்வான்ஸ்டு தேர்ந்தெடுக்கவும். மேலே ஓனர் என்ற வரியில் சேஞ்ச் என்பதில் கிளிக் செய்து, உங்கள் யூசர் பெயரைத் தரவும். துணைப் போல்டர்களுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுக்கவும். பின்னர் செக்யூரிட்டி டேப்பில் உங்கள் பெயரைச் சேர்த்து, புல் கண்ட்ரோல் அனுமதி தரலாம். இதனை உங்கள் படங்கள், கடிதங்கள் உள்ள போல்டருக்கு மட்டும் செய்யவும். இப்போது இயங்கும் சி டிரைவ் முழுமைக்கும் செய்தால், விண்டோஸ் இயக்கமே பாதிக்கப்படலாம்.

ஐந்தாவது, விண்டோஸின் சொந்தக் காவல். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், கண்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ் என்ற வசதி சேர்க்கப்பட்டது. பைல்களைப் பூட்டி வைத்துக் கொண்டு பணம் கேட்கும் ரேன்சம்வேர் புரோகிராம்களிடம் இருந்து டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களைக் காப்பது இதன் வேலை. அதே ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களை முடக்கியது பலருக்கு நினைவிருக்கும். இந்த வசதி தானாக இயங்காது. யாராவது இயக்கி வைத்திருந்தால், விண்டோஸுக்கு அறிமுகம் இல்லாத புரோகிராம்கள் அந்தப் போல்டர்களில் சேவ் செய்ய முடியாது. ஒரு குறிப்பிட்ட புரோகிராமில் மட்டும் சேவ் ஆகவில்லை, நோட்பேடில் ஆகிறது என்றால் இதனைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டி பிரிவில், ரேன்சம்வேர் பாதுகாப்பு என்ற இடத்திற்குச் சென்று, அந்த ஒரு புரோகிராமை மட்டும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தால் போதும். காவலையே நிறுத்திவிட வேண்டாம்.

நோயை விட மோசமான வைத்தியங்கள்

இந்தக் காரணங்களைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் சொல்லும் குறுக்கு வழிகள் மூன்று. அவற்றின் மீது தான் எனக்குக் கோபம்.

ஒன்று, எவ்ரிஒன் என்ற பெயருக்கு புல் கண்ட்ரோல் தருவது. வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்கு இது சமம். அந்தக் கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் வைத்திருக்கும் யாரும் உங்கள் பைல்களை அழிக்கலாம். சிஸ்டம் போல்டர்களுக்கு இப்படித் தந்துவிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி பெறாத கெட்ட புரோகிராம் கூட விண்டோஸ் பைல்களை மாற்றி வைத்துவிட முடியும்.

இரண்டு, அனுமதி கேட்கும் விண்டோவை நிரந்தரமாக நிறுத்துவது. விஸ்டாவில் தொடங்கிய இந்த வசதி தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால், உங்களுக்குத் தெரியாமல் ஒரு புரோகிராம் சிஸ்டத்தை மாற்ற முயலும்போது உங்களைக் கூப்பிட்டுக் கேட்பது அது மட்டும் தான்.

மூன்று, பார்மட். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இதே ரீட்-ஒன்லி கட்டத்திற்காகக் கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்தார். பார்மட் செய்து, விண்டோஸ் புதிதாகப் பதிந்து தந்தார்கள். மகளின் திருமணப் படங்களும், பென்ஷன் தொடர்பாக அவர் டைப் செய்து வைத்திருந்த கடிதங்களும் போயின. வீட்டிற்கு வந்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தார். கட்டம் அதே போல நிரம்பி இருந்தது. பணமும் போய், படங்களும் போய், பிரச்னை என்று நினைத்தது மட்டும் அப்படியே இருந்தது.

பார்மட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விண்டோஸ் தரும் வசதி மூலம் சில பைல்களை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், அதற்கான சாவி அந்த விண்டோஸ் யூசர் அக்கவுண்ட்டுடன் இருக்கும். சி டிரைவை பார்மட் செய்தால் சாவி அழிந்துவிடும். பைல் டி டிரைவில் பத்திரமாக இருந்தாலும் திறக்க முடியாது. உரிமையாளரை மாற்றினாலும் பயன் இல்லை. அதே போல டிரைவ் முழுவதும் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைக்கும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டே எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பல கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் ஒருவருக்கு, காரணத்தைத் தேடி இரண்டு மணி நேரம் செலவிடுவதை விட, பார்மட் செய்வது நிச்சயமான வேலை. எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு கட்டணம் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனால், அந்த ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தான் தெரியும்.

எனவே கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். திரையில் வந்த எரர் செய்தி என்ன? அதனை மொபைல் போனில் படம் எடுத்து எடுத்துச் செல்லுங்கள். எல்லாப் போல்டரிலும் இந்தப் பிரச்னையா, ஒரே போல்டரிலா? அவர் முன்னாலேயே டெக்ஸ்ட் பைல் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பார்மட் தான் வழி என்றால், என் பைல்களின் காப்பி எங்கே இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்அப் எடுத்து, அதில் நான்கு பைல்களைத் திறந்து பார்த்த பிறகு தான் பார்மட் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

சில வாசகர்கள், "கம்ப்யூட்டர் வாங்கியது பயன்படுத்தத் தான், இதையெல்லாம் நாங்கள் ஏன் தெரிந்து கொள்ள வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி தான். ஸ்கூட்டர் ஓட்டுபவர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டி நின்றால், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். போல்டருக்குள் ஒரு டெக்ஸ்ட் பைலை உருவாக்கிப் பார்ப்பது அந்த அளவு எளிய வேலை. அரை நிமிடம் போதும்.

மென்பொருள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். யார் மறுத்தது, ஏன் மறுத்தது, அடுத்து எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்துச் சொன்னால், பல வீடுகளின் குடும்பப் படங்கள் தப்பிக்கும். பொருள் புரியாத ஒரு கட்டத்தை நீக்கிவிட்டால் குழப்பமே வராது.

அதுவரை, அந்தக் கட்டம் நிரம்பி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பைல் சேவ் ஆகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆகவில்லை என்றால் மேலே சொன்ன ஐந்தையும் வரிசையாகச் சோதியுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, முக்கியமான பைல்களை பேக்அப் எடுத்து வையுங்கள். பிறகு யார் பார்மட் என்று சொன்னாலும் பதறத் தேவை இருக்காது.